மூணு பவுன் வரி



மார்ச் 8 மகளிர் தினம் என்று நம் குழுக்களில் எல்லோருக்கும் தெரியும். கோலப் போட்டி, மியூசிக்கல் சேர், பேச்சுப் போட்டி எல்லாம் வைக்கிறோம். தென்னாப்பிரிக்கா நாட்டில் இன்னொரு மகளிர் தினமும் இருக்கிறது. அது ஆகஸ்ட் 9. அன்றைக்கு அங்கே அரசு விடுமுறை. 1956-ம் வருஷம் அந்தத் தேதியில் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியா நகரத்தில் அரசாங்கத் தலைமை அலுவலகத்தின் முன்னால் திரண்டு நின்றார்கள். அதன் நினைவாகத்தான் அந்த நாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்து மருமகளும் இருந்தார். அவருடைய மாமியார் 1913-லேயே, வயிற்றில் பிள்ளையோடு ஜெயிலுக்குப் போனவர். அந்த மாமியார், மருமகள் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். ஆனால் அது புரிய வேண்டும் என்றால் முதலில் ஒரு வரிக் கணக்கு தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம், நம்ம குழுக் கணக்கைவிட இது சுலபம்.

கப்பல் ஏறிய கதை

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என்று ஒரு பகுதி. அப்போது அது வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கே கரும்புத் தோட்டம் போட்டார்கள். வெட்ட ஆள் வேண்டும். அந்த ஊர் ஜூலு மக்கள் வரமாட்டோம் என்றார்கள். அதனால் வெள்ளைக்காரர்கள் நம் பக்கம் திரும்பினார்கள். 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்தில் போய் இறங்கியது. அதிலிருந்து 1911 வரைக்கும் சுமார் 1,52,000 பேர் இப்படிப் போனார்கள். இதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போன தமிழ், தெலுங்கு ஜனங்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் நிறைய. நம்ம திருச்செங்கோடு அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தது.

மழை இல்லை, பஞ்சம், கடன், வீட்டில் சண்டை, ஆள் பிடிப்பவர்களின் ஆசை வார்த்தை. இவையெல்லாம்தான் காரணம். ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம். கைநாட்டு வைத்துவிட்டால் அவ்வளவுதான், நடுவில் வேலையை விட்டுப் போனால் ஜெயில். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி, அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி, அதாவது 5 ஷில்லிங். வேலை மட்டும் பாதியா என்று கேட்காதீர்கள்! கரும்புக் காட்டில் வெட்டின கட்டைத் தூக்கினவர்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் 'கூலி' என்பது உழைத்து வாங்கும் காசு. அங்கே அது ஒரு வசவு ஆகிவிட்டது. படித்த வக்கீலைக்கூட 'கூலி வக்கீல்' என்றார்கள். காந்தியடிகளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முனுசாமி, சின்னசாமி, ராமசாமி என்று பெயர்கள் இருந்ததால் நம்மவர்களுக்கு 'சாமி' என்றே பொதுப் பெயர் வைத்தார்கள், அதுவும் கேலியாக. கொங்கு நாட்டில் நாம் பிள்ளைகளை 'வா சாமி' என்று கொஞ்சுகிற அதே வார்த்தை. எனக்கு இதைப் படித்தபோது மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பவுன் கணக்கு

ஐந்து வருஷம் முடிந்தது. இனி சொந்தமாகக் காய்கறி போடலாம், சின்னதாகக் கடை வைக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு 1895-ல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு இந்தியாவுக்குத் திரும்பிப் போக வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் மாட்டேன், இங்கேயே சுதந்திரமாக இருப்பேன் என்றால் வருஷத்துக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும். (முதலில் 25 பவுன் போடலாம் என்றுதான் யோசித்திருக்கிறார்கள்.) 1903-ல் இதைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது ஆனாலே வரி.

மூன்று பவுன் என்றால் எவ்வளவு? பவுன் என்பது இங்கிலாந்துக் காசு. அன்றைக்கு ஒரு பவுன் காசு தங்கத்தில்தான் இருக்கும், கிட்டத்தட்ட 8 கிராம் எடை. நாம் நகைக் கடையில் 'ஒரு பவுன், ரெண்டு பவுன்' என்று சொல்வதே அந்தக் காசிலிருந்து வந்ததுதான். ஆகவே மூன்று பவுன் வரி என்றால், ஒவ்வொரு தலைக்கும் ஒவ்வொரு வருஷமும் மூன்று பவுன் தங்கம்! புருஷன், பெண்டாட்டி, வயசு வந்த இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 பவுன். ஒரு கல்யாணத்துக்குப் போடுகிற நகையை வருஷா வருஷம் கொண்டுபோய்க் கட்ட வேண்டும்.

கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். மூன்று பவுனுக்கு 60 ஷில்லிங். முதல் வருஷக் கூலிப்படி ஆணுக்கு அது ஆறு மாதச் சம்பளம். பெண்ணுக்கு மாதம் 5 ஷில்லிங். அப்படியானால் 12 மாதம், முழு வருஷச் சம்பளமும் வரிக்கே சரியாகப் போய்விடும்.

இதை ஒரு குழுக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு அக்கா உடனே கேட்டார்: "ஏனுங்க மேடம், கட்ட முடியாதுன்னு தெரிஞ்சேதானே போட்டிருக்காங்க?" அதேதான். வரி வசூல் ஆக வேண்டும் என்பது அவர்கள் நோக்கம் இல்லை. கட்ட முடியாமல் மறுபடி கரும்புத் தோட்டத்துக்கே வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். விசைத்தறியில் முன்பணம் வாங்கிவிட்டு, அது அடையாமலே வருஷக் கணக்கில் அதே பட்டறையில் கிடக்கிற குடும்பங்களை நம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று மில்லுக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போன சுமங்கலித் திட்டமும் நமக்குத் தெரியும். எல்லாம் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆளைக் கட்டிப்போடக் கயிறு தேவையில்லை, கணக்கு நோட்டே போதும் என்பதை இந்த மூன்றிலும் பார்க்கலாம்.

அந்த மண்ணின் மக்களுக்கும் அதே கயிறு

இந்த வித்தையை வெள்ளைக்காரர்கள் நம்மவர்களிடம் மட்டும் காட்டவில்லை. ஆப்பிரிக்கா முழுக்க இதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம். காரணம் எளிமையானது. காட்டில் கம்பும் சோளமும் விளையுது, பட்டியில் மாடு நிற்குது என்றால் ஒருத்தர் எதற்காக இன்னொருத்தர் சுரங்கத்துக்குக் கூலிக்குப் போகணும்? போக மாட்டார். ஆனால் 'உன் குடிசைக்கு வரி, அதைக் காசாகத்தான் கட்ட வேண்டும்' என்று சொல்லிவிட்டால்? காசு வெள்ளைக்காரர் தோட்டத்திலும் சுரங்கத்திலும்தான் கிடைக்கும். வேறு வழி இல்லாமல் ஆண்கள் கிளம்பிப் போனார்கள். நேட்டாலில் 1849-லேயே குடிசை வரி வந்துவிட்டது. அதோடு 1906-ல் குடிசை வரி கட்டாத ஆண்களிடம் தலைக்கு ஒரு பவுன் வரி கேட்டபோது, பம்பாத்தா என்ற ஜூலு தலைவர் எதிர்த்து எழுந்தார். பட்டாளம் வந்து அடக்கியதில் 3,000-க்கும் மேற்பட்ட ஜூலு மக்கள் செத்துப்போனார்கள். 1913-ல் வந்த நிலச் சட்டம் அந்த நாட்டின் பெரும்பான்மை மக்களான கறுப்பின மக்களுக்கு விட்டுவைத்தது நூற்றுக்கு ஏழு பங்கு நிலம்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1906-ல் காந்தி அரசாங்கத்தின் பக்கம் நின்று, காயம்பட்டவர்களைத் தூக்கும் படை ஒன்றை நடத்தினார். அவர் படை ஜூலு மக்களின் புண்ணுக்கும் கட்டுப் போட்டது உண்மை. ஆனாலும் அந்தக் காலத்தில் அவர் ஆப்பிரிக்க மக்களைத் தாழ்வாக எழுதியதும் உண்மை. இந்தியர் கஷ்டம் வேறு, அவர்கள் கஷ்டம் வேறு என்றுதான் அன்றைக்குத் தலைவர்கள் நினைத்தார்கள். ஒரே கயிறு என்று தெரிய இன்னும் முப்பது நாற்பது வருஷம் ஆயிற்று.

1913

அந்த வருஷம் மார்ச் மாதம் கேப் டவுன் கோர்ட்டில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யாத கல்யாணங்கள் அந்த நாட்டில் செல்லாது என்று அதற்கு அர்த்தம் ஆனது. தாலி கட்டி, நாலு பிள்ளை பெற்று, பேரன் எடுத்தவளும் சட்டப்படி மனைவி இல்லை! அதுவரை ஆண்கள் மட்டும் ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த போராட்டத்தில் பெண்கள் இறங்கியது இதற்கு அப்புறம்தான்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து 11 பெண்கள் புறப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேருக்குக் கையில் பால் குடிக்கிற குழந்தை. இதில் ஒருவர்தான் வீரம்மாள், தம்பி நாயுடு என்ற போராட்டத் தலைவரின் மனைவி, மாசமாக இருந்தார். எப்படியாவது கைதாக வேண்டும் என்று லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கூவி விற்றார்கள். போலீஸ் கண்டுகொள்ளவில்லை. சரி என்று எல்லையைத் தாண்டி நேட்டாலுக்குள் போய், நியூகாசில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் இறங்கினார்கள். அங்கே லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் போராட்டக்காரர்களுக்கு வீட்டையே திறந்துவிட்டது. பெண்கள் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லயன்களுக்குப் போய், தமிழிலேயே பேசினார்கள். மூன்று பவுன் வரியை எடுக்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள். அவ்வளவுதான் சேதி.

அக்டோபர் மத்தியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தலைவர்களே இதை இவ்வளவு சீக்கிரம் எதிர்பார்க்கவில்லை. அக்டோபர் 21-ல் அந்தப் பெண்களைப் பிடித்து மூன்று மாதக் கடுங்காவல் போட்டார்கள். மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் துணி துவைக்கும் வேலை, வாயில் வைக்க முடியாத சாப்பாடு. குழந்தைகளும் உள்ளேதான். பெண்களையும் பச்சைக் குழந்தைகளையும் உள்ளே வைத்தார்கள் என்ற சேதி பரவியதும், மற்ற சுரங்கங்களும் நின்றன.

நவம்பர் 6-ல் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் காந்தியோடு எல்லையைத் தாண்டி நடந்தார்கள். நடந்து வந்த வழியில் ஒரு தாயின் குழந்தை குளிரிலும் வெயிலிலும் வாடி இறந்தது. இன்னொரு தாய் ஓடையைக் கடக்கும்போது குழந்தை கை நழுவித் தண்ணீரில் போய்விட்டது. இரண்டு தாய்மார்களும் கூட்டத்தோடு தொடர்ந்து நடந்தார்கள். அவர்கள் பெயர் யாரும் எழுதி வைக்கவில்லை.

நடந்தவர்களை ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பி, சுரங்கங்களையே ஜெயிலாக மாற்றினார்கள். சவுக்கடி விழுந்தது. அதற்குள் கடற்கரையோரக் கரும்புத் தோட்டங்களிலும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்கள். சில இடங்களில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். இந்தியாவில் கொந்தளிப்பு. வைஸ்ராய் ஹார்டிஞ்சே நவம்பர் மாதம் சென்னையில் பேசும்போது போராடுகிறவர்கள் பக்கம் பரிந்து பேச வேண்டியதாயிற்று.

இதற்குப் பின்னால் ஜெயிலுக்குப் போனவர்தான் வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், தகப்பனார் முனுசாமி முதலியார். பூர்வீகம் தரங்கம்பாடி பக்கம் தில்லையாடி. ஜெயிலில் காய்ச்சல் கண்டு எலும்பும் தோலுமாக வெளியே வந்தார். பார்க்கப் போன காந்தி, ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தமா என்று கேட்டார். இப்போது கூப்பிட்டாலும் போவேன் என்று சொன்னாராம் அந்தப் பெண். 1914 பிப்ரவரி 22-ல் இறந்தார். அன்றைக்கு அவருக்கு 16 வயது நிறைந்த நாள்.

அந்த வருஷம் ஜூன், ஜூலையில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. கல்யாணங்கள் செல்லும் என்றானது.

அதே வருஷம், வேறு பெண்கள்

நம் பெண்கள் நியூகாசிலுக்குப் போவதற்கு நாலைந்து மாதம் முன்னால், அதே நாட்டில் புளூம்ஃபோன்டெய்ன் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் பிரச்சினை 'பாஸ்'. சொந்த ஊரில் குடியிருக்கவும் நடமாடவும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம், ஜெயில். ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்தி 'சீட்டு எங்கே' என்று கேட்கிற சாக்கில் என்னென்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1912-லேயே ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தார்கள், பலன் இல்லை. 1913-ல் பாஸைத் தூக்கி எறிந்துவிட்டு, அபராதம் கட்ட மாட்டோம் என்று ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் அரசாங்கம் பின்வாங்கி, பெண்களிடம் பாஸ் கேட்பதைப் பல வருஷம் நிறுத்தி வைத்தது.

ஒரே நாடு, ஒரே வருஷம், இரண்டு கூட்டம் பெண்கள், இரண்டு ஜெயில். ஒருவரை ஒருவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், இன்றைய நைஜீரியாவில் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் வரிக் கதைதான். 1929 நவம்பரில் ஒலோகோ என்ற கிராமத்தில் ந்வான்யெருவா என்ற பெண் பாமாயில் பிழிந்துகொண்டிருந்தார். (ரேஷன் கடையில் நாம் வாங்கும் அதே பாமாயில்தான்.) கணக்கெடுக்க ஒரு ஆள் வந்து, உன் வீட்டில் ஆடு எத்தனை, ஆள் எத்தனை, எண்ணிச் சொல் என்றான். ஆண்களை எண்ணினதும் அவர்களுக்கு வரி வந்தது ஏற்கெனவே தெரியும். இப்போது பெண்களுக்கும் வரப் போகிறது என்று புரிந்து, அவர் சண்டை பிடித்தார். பெண்கள் பனை ஓலையை ஊர் ஊராக அனுப்பிச் சேதி சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டு, வெள்ளைக்காரர் நியமித்த நாட்டாமைகளின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பாட்டுப் பாடியே அவர்கள் மானத்தை வாங்கினார்கள். பட்டாளம் சுட்டது. 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். பெண்களுக்கு வரி போடும் பேச்சு நின்றது, அந்த நாட்டாமை முறையையும் மாற்ற வேண்டி வந்தது. சரித்திரத்தில் இதைப் 'பெண்கள் போர்' என்றே சொல்கிறார்கள்.

மருமகள்

தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்புவோம். 1946-ல் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சுமார் 2,000 பேர் அதை மீறிச் சிறை போனார்கள். டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண் டாக்டர் கூனம் அதில் முன்னணியில் இருந்தவர். வீரம்மாளின் மருமகள் மனோன்மணியும் சிறை போனார். எல்லோரும் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். 1947-ல் ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் சூமா, இந்தியத் தலைவர்கள் டாக்டர் தாதூ, டாக்டர் நாயக்கர் மூவரும் சேர்ந்து போராடுவோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1913-ல் நடக்காதது அப்போது நடந்தது.

1948-க்குப் பிறகு நிறவெறி அரசாங்கம் கறுப்பினப் பெண்களுக்கு மறுபடியும் பாஸைக் கொண்டுவந்தது. அதற்கு எதிராகத்தான் 1956 ஆகஸ்ட் 9. முன்னால் நின்றவர்கள் நால்வர்: லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோபியா வில்லியம்ஸ். கறுப்பினம், வெள்ளை, இந்தியர், கலப்பினம் என்று நான்கு சமூகத்துப் பெண்கள். இந்தியர்களிடம் யாரும் பாஸ் கேட்கவில்லை. தனக்கு இல்லாத பிரச்சினைக்காகத்தான் மனோன்மணி அம்மாள் அங்கே போய் நின்றார். பிரதமர் ஸ்டிரைடம் வெளியே வரவில்லை. கட்டுக் கட்டாக மனுக்களை அவர் அறை வாசலில் வைத்துவிட்டு, அத்தனை பெண்களும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். நம் கூட்டத்தில் ஐந்து நிமிஷம் அமைதியாக இருக்கச் சொன்னால் என்ன பாடு என்று ஊக்குநர்களுக்குத் தெரியும்!

பாஸ் அன்றைக்கே ஒழிந்துவிடவில்லை. அந்தச் சட்டம் நீங்கியது 1986-ல்தான். நடுவில் அந்தக் குடும்பம் கொடுத்த விலை பெரிது. மனோன்மணி அம்மாளின் மகன் இந்திரஸ், நெல்சன் மண்டேலா இருந்த அதே ராபன் தீவுச் சிறையில் பத்து வருஷம் இருந்தார். மகள் சாந்தியை 1969-ல் பிடித்து, தனியறையில் அடைத்து, மண்டேலாவின் மனைவி வின்னிக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொல்ல மாட்டேன் என்று மறுத்தார். அதற்காக அவருடைய சிறைக்காலம் இன்னும் நீண்டது. 'அம்மா' 1993-ல் காலமானார். அடுத்த வருஷம், 1994 ஏப்ரல் மாதம்தான் அந்த நாட்டில் எல்லா மக்களும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் நடந்தது.

சுற்றுலா போகிறவர்களுக்கு

நம் பக்கத்திலிருந்து அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகாத ஊரே இல்லை. அங்கிருந்து தரங்கம்பாடி போகிற வழியில்தான், சில கிலோமீட்டரில் தில்லையாடி. வள்ளியம்மை நினைவு மண்டபமும் ஒரு நூலகமும் இருக்கின்றன. 1915-ல் இந்தியா திரும்பிய கையோடு காந்தி அந்த ஊருக்குப் போயிருக்கிறார். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் விற்பனை மாளிகைக்கும் தில்லையாடி வள்ளியம்மை பெயர்தான். சென்னிமலை, நெகமம் பக்கம் கைத்தறி நெய்கிற நம் உறுப்பினர்கள் பலர் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். வரும் கோடையில் திருக்கடையூருக்கு வேன் பிடிக்கிற குழுக்கள், தில்லையாடிக்கும் சேர்த்தே வாடகை பேசிக்கொள்ளுங்கள்.